ஆரஞ்சு பெர்ரி லோஃப் கேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்ரீம் கிடையாது, அடுக்கு கிடையாது. நீள டின்னில் மாவை ஊற்றிச் சுட்டு, ஆறியதும் துண்டு போட்டு, டீயோடு சாப்பிடுகிற கேக் இது. செய்வது எளிதுதான். ஆனாலும் பழம் சேருகிற கேக் என்பதால் சில இடங்களில் காலை வாரும். வீட்டில் செய்பவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில்.

முதலில் அளவைச் சொல்லிவிடுங்களேன்.

மைதா 200 கிராம், சர்க்கரை 170 கிராம், வாசனை இல்லாத எண்ணெய் 100 மில்லி, கெட்டித் தயிர் 120 கிராம், முட்டை 2, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், இரண்டு ஆரஞ்சின் தோல் துருவல், எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன், பெர்ரி 150 கிராம். டின் எட்டரை அங்குல நீளமும் நாலரை அங்குல அகலமும் இருந்தால் சரியாக இருக்கும். உங்களிடம் எட்டுக்கு நாலு டின்தான் இருக்கிறது என்றால், முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாமல், மிஞ்சும் மாவைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிச் சுட்டுக்கொள்ளுங்கள்.

செய்முறை: சர்க்கரையில் ஆரஞ்சுத் தோல் துருவலைப் போட்டு விரலால் தேய்க்க வேண்டும். முட்டையை அதில் உடைத்து ஊற்றி, நிறம் வெளுக்கும் வரை இரண்டு மூன்று நிமிடம் அடியுங்கள். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடித்து, தயிர், எலுமிச்சைச் சாறு சேருங்கள். மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு நான்கையும் சேர்த்துச் சலித்து, இரண்டு தவணையாகப் போட்டுக் கரண்டியால் மடித்துக் கலக்குங்கள். மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிட வேண்டும். இதற்குமேல் சுற்றினால் மைதாவில் இழுவை வந்து கேக் ரப்பர் மாதிரி ஆகிவிடும். கடைசியில் பெர்ரி. 170 டிகிரி செல்சியஸில், முன்பே சூடாக்கிய அவனில், 50 முதல் 60 நிமிடம்.

தயிரும் முட்டையும் பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போக வேண்டாம். அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

கப் கணக்கில் சொல்ல முடியாதா?

சொல்லலாம். மைதா ஒன்றரைக் கப்பை விட ஒரு கை அதிகம், சர்க்கரை முக்கால் கப்புக்குச் சற்று மேல், தயிர் அரைக் கப். ஆனால் மைதாவை டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளினால் ஒரு கப் 150 கிராம் வரைக்கும் வரும். ஸ்பூனால் போட்டு மேலே வழித்தால் 125 கிராம்தான். இந்த வித்தியாசத்திலேயே கேக் வறண்டுபோகும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுவது நல்லது. முட்டைக்கும் இதே கதைதான்: வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் முட்டை ஓடு நீங்கலாக 50 கிராம் இருக்கும், நம் கடை முட்டை பல சமயம் அதைவிடச் சிறியது. இரண்டு முட்டை உடைத்து 90 கிராமுக்குக் குறைவாக இருந்தால் ஒரு ஸ்பூன் பால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சா, எலுமிச்சையா, சாத்துக்குடியா? எது நல்லது?

என் கட்சி: வாசனைக்கு ஆரஞ்சுத் தோல், புளிப்புக்கு எலுமிச்சைச் சாறு. இரண்டையும் ஒரே பழத்திடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தப் பழங்களின் வாசனை முழுவதும் மேல்தோலில் பொட்டுப் பொட்டாகத் தெரிகிற எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. ஆரஞ்சுத் தோலை மடக்கிப் பிழிந்தால் கண்ணில் பீய்ச்சுமே, அந்த எண்ணெய்தான். சுடும்போது எண்ணெயும் மாவும் சேர்ந்து அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆரஞ்சுச் சாற்றில் இருப்பதோ தண்ணீர், சர்க்கரை, கொஞ்சம் புளிப்பு. அடுப்பில் ஒரு மணி நேரம் இருந்த பிறகு அது ஆரஞ்சு என்றே தெரியாது.

நாக்பூர் ஆரஞ்சும் கொடைக்கானல் பக்கத்துக் கமலா ஆரஞ்சும் நல்ல மணம். ஆனால் தோல் தொளதொளவென்று இருக்கும், துருவும்போது உள்ளே அமுங்கும். உரிக்காமல் முழுப் பழமாகவே, லேசாகச் சுற்றிச் சுற்றித் துருவ வேண்டும். வெளிநாட்டு ஆரஞ்சின் தோல் இறுக்கமாக இருப்பதால் துருவ வசதி. பளபளப்புக்காகப் பெரும்பாலும் மெழுகு பூசியிருப்பார்கள், வெந்நீரில் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள். சாத்துக்குடித் தோலில் மணம் குறைவு. நம் எலுமிச்சைத் தோலின் மணம் பிரமாதம், ஆனால் தோல் மெல்லிசு. நார்த்தங்காய் வேண்டாம், அது ஊறுகாய்க்கென்றே பிறந்தது.

தோலைத் துருவிப் போட்டால் கசக்கிறது. ஏன்?

மேல்தோலுக்கு அடியில் இருக்கிற வெள்ளைப் பகுதியும் சேர்ந்து வந்திருக்கிறது. கசப்பு அங்கேதான். கேரட் துருவுகிற பெரிய கண் துருவியில் இது கட்டாயம் நடக்கும். துருவியின் மிகச் சின்னக் கண்ணில், ஓர் இடத்தில் ஒரு முறை மட்டும் இழுத்து, பழத்தைத் திருப்பிவிட வேண்டும். நிறம் வெளுத்துத் தெரிந்தால் அந்த இடம் முடிந்தது, அவ்வளவுதான். துருவி இல்லாவிட்டால், காய் சீவும் பீலரால் மேல்தோலை மெல்லியதாகச் சீவி, சர்க்கரையோடு மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று ஓட்டலாம்.

சர்க்கரையோடு தேய்ப்பதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். சர்க்கரைப் பரல் தோலைக் கீறி எண்ணெயை வெளியே எடுக்கிறது. ஒரு நிமிடம் தேய்த்த பிறகு பாருங்கள்: வறண்டு உதிரியாக இருந்த சர்க்கரை ஈரமணல் போலச் சேரும், வெளிர் மஞ்சளாக மாறும், விரல் இடுக்கெல்லாம் மணக்கும். அந்த நிலை வந்தால் ஒரு ஆரஞ்சுத் தோலே இரண்டு ஆரஞ்சின் வேலையைச் செய்யும்.

தயிருக்குப் பதில் ஆரஞ்சு ஜூஸ் ஊற்றலாமா?

ஊற்றலாம், கேக் வரும். ஆனால் தயிரின் கொழுப்பும் கெட்டித்தன்மையும் போய்விடும். மாவு நீர்த்துப்போய் பெர்ரி அடியில் தங்கும். ஜூஸைக் கேக்குக்கு மேலே ஊற்றும் பாகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் ஜூஸ் எதற்கும் வேண்டாம்.

நம் ஊரில் பெர்ரிக்கு எங்கே போவது? ப்ளூபெர்ரி விலையைப் பார்த்தால் மயக்கம் வருகிறது.

125 கிராம் டப்பாவில் வருகிற ப்ளூபெர்ரி பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு, விலை அப்படித்தான் இருக்கும். கேக்குக்கு அது தேவையே இல்லை. பெரிய கடைகளின் ஃப்ரீசரில் இருக்கும் உறைந்த ப்ளூபெர்ரி போதும். உறைந்ததை இளகவிடாமல், ஃப்ரீசரிலிருந்து நேராக மாவில் போட வேண்டும். இளகினால் சாறு ஒழுகி மாவு முழுக்க ஊதாவாகிவிடும். குளிர்ந்த பழம் என்பதால் சுடும் நேரம் ஐந்து பத்து நிமிடம் கூடும்.

இதைவிட மலிவாக, வருடம் முழுக்கக் கிடைப்பது உலர்ந்த கிரான்பெர்ரி. ஆரஞ்சுக்கு அதைவிடப் பொருத்தமான ஜோடி இல்லை என்பேன். 80 கிராம் எடுத்து, வெதுவெதுப்பான ஆரஞ்சுச் சாற்றில் இருபது நிமிடம் ஊறவைத்து, வடித்துத் துடைத்துவிட்டுப் போடுங்கள். ஏற்கெனவே சர்க்கரை ஏற்றியிருப்பார்கள், ஆகவே மாவில் 20 கிராம் சர்க்கரையைக் குறைக்கலாம்.

ஸ்ட்ராபெர்ரி குளிர்காலத்தில் மகாபலேஷ்வரிலிருந்து நிறைய வரும். ஊட்டி, கொடைக்கானலிலும் விளைகிறது. ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பெரிய துண்டாகப் போட்டால் ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் மாவு வேகாமல் களி போல நிற்கும். சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, காகிதத்தில் ஒற்றி ஈரம் எடுத்து, 100 கிராமுக்கு மேல் போகாமல் சேருங்கள்.

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு யோகம் உண்டு. பட்டுப்புழுவுக்காக வளர்க்கிற மல்பெரிச் செடியில் கருஞ்சிவப்புப் பழம் காய்க்கும். பறித்த அன்றே பயன்படுத்த வேண்டும், மறுநாள் தாங்காது. காம்பைக் கத்தரித்துவிட்டுப் போடுங்கள். புளிப்பு குறைந்த பழம், எனவே எலுமிச்சைச் சாறு இன்னும் அரை ஸ்பூன் கூட்டிக்கொள்ளலாம். நாவல்பழம் போடலாமா என்றும் கேட்கிறார்கள். அதன் துவர்ப்பு கேக்கில் நன்றாக இல்லை.

மாவில் புரட்டிப் போட்டும் பெர்ரி எல்லாம் அடியிலேயே போய் உட்கார்கிறதே?

மைதாவில் புரட்டுவது கொஞ்சம் உதவும், முழுத் தீர்வு இல்லை. மாவின் கெட்டிதான் பழத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. கரண்டியால் எடுத்துச் சாய்த்தால் மாவு தொப்பென்று விழ வேண்டும். தோசை மாவு போல ஓடினால் எந்தப் பழமும் மிதக்காது. தயிர் நீர்த்திருந்தால் துணியில் கட்டிப் பத்து நிமிடம் தொங்கவிட்டுப் பிறகு எடையைப் பாருங்கள்.

இன்னொரு வழி: பழம் சேர்க்காத மாவை டின்னின் அடியில் ஒரு விரல்கடை உயரம் பரப்புங்கள். மீதி மாவில் முக்கால் பங்கு பழத்தைக் கலந்து அதன்மேல் ஊற்றி, கடைசிக் கால் பங்கைத் தலையில் தூவிவிடுங்கள். வெட்டும்போது எல்லா உயரத்திலும் பழம் தெரியும்.

வெட்டிப் பார்த்தால் ப்ளூபெர்ரியைச் சுற்றிப் பச்சையாக இருக்கிறது. பூசணமா?

இல்லை, பயப்படாமல் சாப்பிடலாம். ப்ளூபெர்ரிக்கு நிறம் கொடுக்கிற ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பில் சிவக்கும், சோடா போன்ற காரப் பொருள் (புளிப்புக்கு எதிரானது) பட்டால் நீலமாகவும் பச்சையாகவும் மாறும். சமையல் சோடா அதிகமாகிவிட்டது, அல்லது மாவில் சரியாகக் கலக்காமல் ஒரு பக்கம் கட்டியாக நின்றுவிட்டது என்று அர்த்தம். சோடாவை மட்டும் அளந்து போடுங்கள். 120 கிராம் தயிரின் புளிப்புக்குக் கால் டீஸ்பூன் சோடா சரியாக இருக்கும். இதை நேரில் பார்க்க ஆசையா? நசுக்கிய ப்ளூபெர்ரிச் சாற்றை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சையும் ஒன்றில் சோடாவும் சேருங்கள். பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை.

சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றுதானே?

இல்லை. சமையல் சோடா, அதாவது ஆப்ப சோடா, தனியாக வேலை செய்யாது. தயிர், எலுமிச்சை போல ஒரு புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடரில் சோடாவும் அதற்கான அமிலமும் சோளமாவோடு கலந்தே இருக்கின்றன. பேக்கிங் பவுடர் அளவுக்குச் சோடா போட்டால் சோப்பு வாடை அடிக்கும். பழைய பேக்கிங் பவுடரைச் சோதிக்க அரை டீஸ்பூன் எடுத்து வெந்நீரில் போடுங்கள்; சட்டென்று நுரைக்காவிட்டால் குப்பைக்கு.

வெண்ணெய் போட்டால்தானே ருசி? ஏன் எண்ணெய்?

வெண்ணெய்க்கு ருசி அதிகம், மறுக்கவில்லை. ஆனால் வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்க, வெண்ணெய் சுமார் 20 டிகிரியில் இருக்க வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ மே மாதச் சமையலறை 35 டிகிரி. வெண்ணெய் நுரைப்பதற்குள் நெய்யாக உருகி நிற்கும், காற்று உள்ளே ஏறாது, கேக் அடைபோல வரும். எண்ணெய்க்கு இந்தத் தொல்லை கிடையாது. அப்புறம், பழம் போட்ட கேக்கை மறுநாள் பிரிட்ஜில்தான் வைக்க வேண்டியிருக்கும். அங்கே வெண்ணெய் கேக் கல்லாகும், எண்ணெய் கேக் மெத்தென்றே இருக்கும்.

வெண்ணெய்தான் வேண்டும் என்றால் 115 கிராம் வெண்ணெயை உருக்கி ஆறவைத்து எண்ணெய்க்குப் பதில் ஊற்றுங்கள். உப்பு போட்ட மஞ்சள் வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டும் ஆரஞ்சை அமுக்கிவிடும். சூரியகாந்தி எண்ணெய் போதும்.

முட்டை இல்லாமல்?

தயிரை இரட்டிப்பாக்கி 240 கிராம், சோடா அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன். தோல் தேய்த்த சர்க்கரையைத் தயிரில் கரைய அடித்து, சோடாவையும் பேக்கிங் பவுடரையும் அதில் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். தயிர் பொங்கி நுரைத்து நிற்கும். பிறகு எண்ணெய், சாறு, கடைசியில் மைதா, உப்பு. கலந்த உடனே அவனுக்குள் போய்விட வேண்டும், நின்றால் நுரை அடங்கும். முட்டை இல்லாத மாவுக்குப் பழத்தைத் தூக்கி நிறுத்தும் வலு குறைவு, அதனால் பெர்ரியை 100 கிராமோடு நிறுத்துங்கள்.

முட்டை போட்டால் வாடை வருகிறது.

ஆரஞ்சுத் தோல் அதை நன்றாகவே மறைக்கும். அப்படியும் வந்தால் முட்டை பழசு, அல்லது கேக் நடுவில் சரியாக வேகவில்லை.

கோதுமை மாவு, நாட்டுச் சர்க்கரை போட்டுச் செய்யலாமா?

பாதிக்குப் பாதி கோதுமை மாவு போடலாம், இரண்டு டேபிள்ஸ்பூன் பால் கூடுதலாக வேண்டும். முழுக்கக் கோதுமை என்றால் கனமாக இருக்கும். நாட்டுச் சர்க்கரை பற்றி என் கருத்து வேறு: அதன் வாசனையே பலமானது, ஆரஞ்சு தோற்றுப்போகும். அதை வாழைப்பழக் கேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் இல்லை. குக்கரில் வருமா?

வரும். ஆனால் நீள டின் வழக்கமான குக்கருக்குள் நுழையாது. ஏழு அங்குல வட்ட டின் எடுத்துக்கொண்டு, அடி கனமான அலுமினியப் பாத்திரமோ பழைய இட்லிப் பானையோ பயன்படுத்துங்கள். குக்கர்தான் என்றால் கேஸ்கெட்டையும் விசிலையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடி, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு டின்னை உள்ளே வையுங்கள். பிறகு தீயைக் குறைத்துவிடலாம். 45 நிமிடத்துக்குப் பிறகு பார்க்க ஆரம்பிக்கலாம். மேலே பொன்னிறம் வராது, வெளுப்பாகத்தான் இருக்கும். சர்க்கரைப் பாகு ஊற்றினால் அது தெரியாது.

மைக்ரோவேவ் அவனில் கன்வெக்‌ஷன் முறை இருந்தால் அதில் உலோக டின் வைக்கலாம். வெறும் மைக்ரோவேவ் முறையில் உலோகம் கூடவே கூடாது. ஓடிஜியில், அதாவது கம்பி சூடேறிச் சுடும் சின்ன மின்சார அவனில், மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும், டின்னைக் கீழ்ப்பக்கத் தட்டில் வையுங்கள். நாற்பது நிமிடத்திலேயே மேல்பக்கம் கறுக்கத் தொடங்கினால் அலுமினியத் தாளை லேசாகப் போர்த்துங்கள்.

பட்டர் பேப்பர் கேக்கில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

பட்டர் பேப்பர் என்ற பெயரில் மெழுகுக் காகிதமும் விற்கிறார்கள். சூட்டில் மெழுகு உருகிக் காகிதம் கேக்கில் ஒட்டும். பேக்கிங்குக்கு என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். டின்னின் நீளப் பக்கங்களுக்கு வெளியே இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி விரித்தால், வெந்த பிறகு அதைப் பிடித்தே கேக்கைத் தூக்கிவிடலாம்.

மேலே நீளமாக வெடித்துவிட்டது. தப்பா?

லோஃப் கேக் என்றாலே வெடிக்கும். மேலே ஏடு கட்டிய பிறகும் நடு மாவு எழும்பிக்கொண்டிருப்பதால் பிளக்கிறது. நேர்கோடாகப் பிளக்க வேண்டுமானால், 15 நிமிடம் வெந்ததும் எண்ணெய் தடவிய கத்தியால் நடுவில் நீளமாக ஒரு கீறல் போடுங்கள். வேகமாகச் செய்துவிட்டுக் கதவை மூடிவிட வேண்டும்.

வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

ஈர்க்குச்சியை வெடிப்புக்குள் விடாமல், அதற்குப் பக்கத்தில் அடிவரை செருகி எடுங்கள். உதிரி ஒட்டினால் சரி, மாவு ஒட்டினால் இன்னும் பத்து நிமிடம். குச்சி பெர்ரியில் குத்தி ஈரமாக வந்திருக்கலாம், ஆகவே இரண்டு இடத்தில் பாருங்கள்.

வெளியே எடுத்ததும் நடுவில் அமுங்கிவிடுகிறது.

பெரும்பாலும் வேகவில்லை என்பதுதான் காரணம். வெளியே பொன்னிறம் வந்துவிட்டது என்று நம்பி எடுத்திருப்பீர்கள். அடுத்தது, அரை மணி நேரம் ஆவதற்குள் கதவை நீண்ட நேரம் திறந்து வைத்திருப்பது. பேக்கிங் பவுடர் கூடிப்போனாலும் இப்படித்தான்: மளமளவென்று எழும்பி, தாங்கச் சுவர் இல்லாமல் விழும். அடியில் ஒரு விரல்கடைக்குப் பசை மாதிரிக் கோடு இருந்தால் பழமோ சாறோ அதிகம்.

நாங்கள் ஊட்டியில் இருக்கிறோம். ஏதாவது மாற்ற வேண்டுமா?

ஆமாம். 2,200 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் குறைவு, கேக் அவசரமாக எழும்பிச் சரியும். பேக்கிங் பவுடரை ஒரு டீஸ்பூனாகக் குறைத்து, இரண்டு ஸ்பூன் பால் கூட்டி, சூட்டை 180 ஆக்குங்கள். கொடைக்கானலுக்கும் இதேதான்.

மேலே ஊற்றுவதற்கு என்ன செய்யலாம்?

இரண்டு விதம். மூன்று டேபிள்ஸ்பூன் ஆரஞ்சு, எலுமிச்சைச் சாற்றில் 50 கிராம் சர்க்கரையைக் கலந்து, கேக் சூடாக இருக்கும்போதே குச்சியால் குத்திவிட்டு ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றுவது ஒன்று. உள்ளே இறங்கி ஈரமாக்கும், முழுதாகக் கரையாத சர்க்கரை மேலே மொறுமொறுவென்று நிற்கும். எனக்கு இதுதான் பிடிக்கும். இன்னொன்று வெள்ளையாக வழிகிற ஐசிங். 100 கிராம் ஐசிங் சர்க்கரைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சாறு, பிறகு சொட்டுச் சொட்டாக. கேக் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உருகித் தட்டில் தேங்கும். ஐசிங் சர்க்கரையை வீட்டு மிக்ஸியிலேயே அரைக்கலாம், ஒரு டீஸ்பூன் சோளமாவு சேர்த்து அரைத்து இரண்டு முறை சலித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்?

டின்னில் 15 நிமிடம், பிறகு கம்பித் தட்டில் முழுக்க ஆற வேண்டும். சூட்டில் வெட்டினால் பிய்யும். ஆரஞ்சு வாசனை மறுநாள்தான் முழுக்க ஏறும், விருந்தாளி வருகிறார்கள் என்றால் முந்தின நாளே சுட்டுவிடுங்கள். நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் வெளியே ஒரு நாள்தான். ஈரப் பழத்தைச் சுற்றித்தான் முதலில் பூசணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் பிரிட்ஜில் நாலு நாள் இருக்கும். கிரான்பெர்ரி போட்டது இன்னும் ஓரிரு நாள் தாங்கும். ஃப்ரீசரில் வைப்பதானால் துண்டு போட்டு, ஒவ்வொன்றாகச் சுற்றி வையுங்கள், இரண்டு மாதம் வரை தாங்கும். வெளியே எடுத்து அரை மணி நேரத்தில் சாப்பிடத் தயார். வெள்ளை ஐசிங்கை மட்டும் சாப்பிடுகிற அன்றைக்கு ஊற்றிக்கொள்ளுங்கள், ஃப்ரீசரிலிருந்து வந்தால் வியர்த்து வழியும்.